மூன்று மீட்டர் கேபிள்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு கறுப்பு யூ.எஸ்.பி. கேபிள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நீளம் மூன்று மீட்டர். அதில் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டி, நீல மையில் 'வேலை செய்யாது' என்று எழுதி, எழுதிய நாளையும் கீழே குறித்திருக்கிறேன். ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எதற்கும் நாள் குறித்து வைப்பது என் வழக்கம். பல் பிடுங்கிய நாள், மோட்டார் பழுதான நாள், ஒரு புத்தகத்தைப் படிக்கத் தொடங்கிய நாள், பிடிக்காமல் பாதியில் மூடிய நாள், எல்லாம் ஏதாவது ஒரு நோட்டில் இருக்கும். இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அந்தக் கேபிளை எடுத்துப் பார்ப்பாள். "வேலை செய்யாதுன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்கு இது?" என்பாள். லஸ்கர் வீட்டுக் கேபிள் என்று சொல்வேன். திரும்பவும் உள்ளே வைத்துவிடுவாள்.

லஸ்கர் என்பது அவர் பெயரல்ல, வேலை. மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, வாய்க்கால் கரையில் நடந்து உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, தினமும் காலை ஆறு மணிக்கு அளவுகோலில் தண்ணீரின் உயரத்தைப் படித்துப் பதிவேட்டில் எழுதுவது, இவைதான் அந்த வேலை. படைவீரனைக் குறித்துப் பாரசீகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சொல், எங்கள் பக்கம் வந்து மண்வெட்டியும் ஷட்டர் சாவியும் தூக்கிக்கொண்டது. நான் அதே பாசனப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காற்றில் உப்பு தெரியும் கடைமடைப் பகுதி அது. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. விவசாயிகளுக்கும், பொறியாளருக்கும், டீக்கடைக்காரருக்கும் அவர் லஸ்கர்தான்.

எங்களைச் சேர்த்து வைத்தது நோட்டுப் புத்தகம். வாரத்துக்கு ஒருமுறை அவருடைய பதிவேடு என் மேசைக்கு வரும். அதிலுள்ள அளவுகளை நான் பெரிய பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஓர் எண்கூட அடித்துத் திருத்தப்பட்டிருக்காது. ஓர் ஐப்பசியில் வெள்ளம் வந்து அளவுகோலே மூழ்கிவிட்டபோது, குறிப்புப் பத்தியில், 'கோல் முழுகிவிட்டது. நான் முழுகவில்லை' என்று எழுதியிருந்தார். அரசுப் பதிவேட்டில் இப்படி எழுதலாமா என்று கேட்டேன். "நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தா, அன்னைக்கு ஆள் இருந்தானா இல்லையான்னு தெரியணுமில்ல சார்," என்றார். அன்றிலிருந்து அவரை, என்னைப் போல் எதையும் எழுதி வைக்கும் இனத்தைச் சேர்ந்தவராகவே நினைத்தேன்.

அந்த வெள்ளம் அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. தலைப்பு மதகை ஒட்டிய சிறிய ஓட்டு வீடு அது. கூடத்துச் சுவரில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, பென்சிலால் ஒரு கோடு போட்டு நாளும் மணியும் எழுதியிருந்தார். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த கல்யாண ஆல்பங்களும் மகளின் பள்ளிக்கூடப் படங்களும் ஊறிப்போய், பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகங்கள் இரண்டு பக்கமும் உரிந்து வந்தன. அதன்பிறகு அந்த வீட்டில் முக்கியமானது எதுவும் தரையில் இருக்காது. பட்டா, ரேஷன் கார்டு, விதைநெல், மகள் அனுப்பும் மாத்திரைப் பெட்டி எல்லாம் பரணுக்குப் போய்விடும். வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒரு பொருளை எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைச் சொல்லிவிடலாம்.

அவருடைய மனைவி அங்கன்வாடியில் வேலை பார்த்தார். ஊரே அவரை டீச்சர் என்றது, லஸ்கரும் அப்படியே கூப்பிட்டார். டீச்சரிடம் டிபன் பெட்டி அளவில் ஒரு கறுப்பு மீடியா பிளேயர் இருந்தது. மகள் வேலைக்குப் போன பிறகு ஒரு தீபாவளிக்கு வாங்கி வந்தது. பின்பக்கம் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று ஒயர்கள், முன்பக்கம் பென்டிரைவ் செருக ஓர் ஓட்டை. டீச்சர் அதை வயர்கூடையில் வைத்து அங்கன்வாடிக்கு எடுத்துப் போவார். அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் ஓடும். மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய குண்டு டி.வி.யில் மாட்டுவார். ரிமோட்டின் நடுவிலிருந்த வட்டப் பொத்தானில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, இன்னொன்றை அதட்டிக்கொண்டே, பார்க்காமலே அந்தப் புள்ளியை அழுத்துவார்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது வலது கையும் காலும் தளர்ந்திருந்தன. அவை மெல்ல மெல்லத் தேறின. பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அது", ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும் "அது". ஆயிரம் பிள்ளைகளுக்கு முதல் சொற்களைச் சொல்லிக்கொடுத்தவரிடம் அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னதை லஸ்கர் என்னிடம் வாய்க்கால் கரையில் வைத்துச் சொன்னார்.

"வார்த்தையெல்லாம் உள்ளே அப்படியே இருக்காம் சார். வர்ற வழிதான் அடைச்சிருக்காம். அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல என்னென்னமோ சொல்லுச்சு. எனக்குப் புரிஞ்சது, தூர் வாரணும்."

அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். முதல் சில மாதங்களில் எடுக்கும் முயற்சிக்குத்தான் பலன் அதிகம். பழகிய குரல்களையும் பழகிய காட்சிகளையும் அவரே தேர்ந்தெடுத்து, அவரே போட்டுப் பார்க்கட்டும், யாரும் திணிக்க வேண்டாம். மகள் ஓசூரில் நர்ஸ். ஒரு மாதம் கூட இருந்துவிட்டு, போகுமுன் ஒரு புது டி.வி. வாங்கி மாட்டினாள். அதன் ரிமோட்டை டீச்சர் கையில் வாங்கிப் பார்த்தார், அத்தனை பொத்தான்களையும் ஒருமுறை பார்த்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கைபேசியைக் கொடுத்தால் தள்ளிவிட்டார். பழைய ரிமோட்டை இடது கையில் வைத்தபோதுதான் கட்டைவிரல் தானாகப் போய்ச் சிவப்புப் புள்ளியில் உட்கார்ந்தது. புது டி.வி. பெட்டிக்குள் திரும்பிப் போனது.

மகள் ஓசூரிலிருந்து வைகாசியில் ஒரு ஹார்ட் டிஸ்க் அனுப்பினாள். நான்கு டெராபைட். தப்பிப் பிழைத்த கல்யாண வீடியோ கேசட், அங்கன்வாடி ஆண்டு விழாக்கள், பத்து வருடமாகக் கைபேசியில் எடுத்த துண்டு துணுக்குகள், அம்மாவுக்காக அவளே எடுத்த பாடங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவளிடம் வேறு பிரதி இல்லை. லஸ்கர் அதைப் பிளேயரில் செருகினார். நீலத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. கீழே இரண்டு கட்டங்கள், முதல் கட்டம் மஞ்சளாக இருந்தது. டீச்சரின் கட்டைவிரல் சிவப்புப் புள்ளியில் இருந்தது. லஸ்கர் சுவரிலிருந்து பிளக்கை உருவிவிட்டார்.

அன்று மத்தியானமே டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "பார்மட்னு ஒரு வார்த்தை சார். மிச்சம் படிக்கல. எனக்குத் தெரியாத கேள்விக்கு நான் ஆமா சொல்றதில்ல," என்றார். ஆம் என்று அழுத்தியிருந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போயிருக்கும் என்றேன். உட்கார்ந்துவிட்டார். என் மனைவி கொடுத்த மோரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

எனக்குக் கணினி தெரியும் என்பது அலுவலகத்தில் பரவியிருந்த ஒரு நம்பிக்கை. பழைய கோயில் கல்வெட்டுகளின் படங்களையும் ஊர்ச் செய்திகளையும் சேர்த்துவைக்க ஒரு மேசைக்கணினி வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்று நான் எப்போதும் நம்பியிருக்கிறேன். முதலில் டிஸ்க்கிலிருந்த எல்லாவற்றையும் என் கணினிக்குப் பிரதி எடுத்தேன். அதற்கே ஒன்றரை நாள் ஆனது. பிறகு நான்கு நாள் படித்தேன். அந்தப் பிளேயர் செய்யப்பட்ட காலத்தில் இவ்வளவு பெரிய டிஸ்க் கிடையாது. இரண்டு டெராபைட்டுக்கு மேல் எண்ண அதற்குத் தெரியாது. டிஸ்க்கின் உட்பிரிவுகளை எழுதிவைக்கும் முறையும் இடையில் மாறிவிட்டது. புது முறையில் எழுதியதைப் பழைய பிளேயர் வெற்று டிஸ்க் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பார்மட் செய்யவா என்று கேட்டது.

இதை லஸ்கருக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்து, ஒரு பெரிய தாக்கு நிலத்தை வரப்புக் கட்டி இரண்டாகப் பிரிப்பதாகச் சொன்னேன். முன்பாதி இரண்டு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவாக, பழைய முறையில். அதில்தான் எல்லாம் இருக்கும். பின்பாதியைப் பிளேயர் பார்க்காது, அப்படியே விட்டுவிட வேண்டும்.

"பாதி நிலத்தைத் தரிசா போடச் சொல்றீங்க," என்றார்.

"வேற வழி இல்ல லஸ்கர்."

"படிச்சவங்க கையில நிலத்தைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்."

தேவையானதை மட்டும் பொறுக்கி ஒரு சிறிய பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். அதைத்தான் பிளேயர் சிக்கலில்லாமல் எடுக்கும். அவர் தலையசைத்தார். "எது வேணும்னு அவளுக்குத்தானே சார் தெரியும்? நானும் நீங்களும் பொறுக்கினா அது நம்ம ஆசை. எல்லாத்தையும் வெப்போம். எதையாவது எடுப்பா." முதல் பாதியைப் பழைய முறையில் பார்மட் செய்தேன். நான்கு ஜிகாபைட்டுக்கு மேலிருந்த வீடியோக்களை அந்த முறை ஏற்காது என்பதால், கல்யாண வீடியோவை முகூர்த்தத்துக்கு முன், பின் என்று துண்டாக்கினேன். தமிழில் எழுதிய கோப்புப் பெயர்கள் பிளேயரில் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்று படித்திருந்ததால் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை நாள் வாரியாக வரிசைப்படுத்தியபோது, ஒரு குடும்பத்தின் வரலாறே என் கையில் ஒழுங்காகிவிட்டது போல ஒரு பெருமிதம் இருந்தது. இதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வேலையை முடித்து எடுத்துப் போனபோது லஸ்கர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். டிஸ்க் பரணில்தான் இருக்க வேண்டும். பென்சில் கோட்டைக் காட்டினார். "இதுக்கு மேல எவ்வளவு உயரத்துல வைக்க முடியுமோ அவ்வளவு உயரம்." நியாயம்தான். ஆல்பங்கள் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது இந்த டிஸ்க்தான். டி.வி.யும் பிளேயரும் ஸ்டூலின் மேல் இருந்தன. பரண் வரைக்கும் டேப் வைத்து அளந்தேன். சுவரோரமாக வளைந்து போக வேண்டியதையும் சேர்த்து இரண்டு மீட்டர் எண்பது. கும்பகோணத்தில் ஒரு கடையில் மூன்று மீட்டர் கேபிள் வாங்கி வந்தேன். சுவரில் ஆணியடித்து, நேராக, அழகாக மாட்டினேன்.

டிஸ்க் வேலை செய்யவில்லை. பரணிலிருந்து மெல்லிய ஓர் இரைச்சல் எழும்பும், டிக்கென்று ஒரு சத்தம் வரும், அடங்கிவிடும். மறுபடி இரைச்சல், டிக், அமைதி. திரையில் எதுவும் இணைக்கப்படவில்லை என்று வரும். டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ரிமோட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அன்று அரைமணி நேரம் காத்திருந்தார். அடுத்த நாள் கால்மணி நேரம். நான் என் பார்மட்டில்தான் பிழை என்று நினைத்தேன். கழற்றி எடுத்துப் போய் மறுபடி செய்தேன். பிளேயரின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமா, டிஸ்க் எண்ணும் அலகு வேறா என்று அன்னிய நாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்தேன். மூன்று வாரம் போனது. என் வீட்டுக் கணினியில், டிஸ்க்கோடு கூடவே வந்த சின்னக் கேபிளால் மாட்டினால் நன்றாகவே ஓடியது. அவர் வீட்டில் ஓடவில்லை. பரண் சூடோ, ஓட்டு வீட்டின் மின்சாரமோ என்றெல்லாம் யோசித்தேன். யோசிக்காதது ஒன்றுதான் பாக்கி, அதை நானே அளந்து வாங்கியிருந்தேன்.

மூன்றாவது வாரத்தின் முடிவில் டீச்சர் நாற்காலிக்கு வரவில்லை. ரிமோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். மகள் தினமும் போனில் சொல்லிக்கொடுக்கும் சொற்களுக்கும் வாயைத் திறக்க மறுத்தார். "அது" என்பதுகூட நின்றுவிட்டது. மகள் எனக்குப் போன் செய்தாள். "அங்கிள், நாலாவது மாசம் ஓடுது. அம்மா விட்டுட்டாங்கன்னா அப்புறம் கஷ்டம். அந்தப் பெட்டி சரிவராதுன்னா சொல்லிடுங்க, வேற ஏதாவது பாக்குறேன்." சரியாக வரும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை, வராது என்று சொல்லவும் மனமில்லை. பார்க்கிறேன் என்றேன். அன்றிரவு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. வெற்றுப் பக்கமாக விட்டது அந்த வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

மேட்டூரில் அணை திறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. கல்லணை தாண்டித் தண்ணீர் கிளைகளில் பிரிந்துவிட்டதாகச் செய்தி. எங்கள் வாய்க்காலில் மண்தான் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் அவர் வீட்டில் இருந்தபோது, லஸ்கரின் போன் ஓயவில்லை. நாற்றங்காலுக்குக் காத்திருக்கும் விவசாயிகள் ஒருவர் மாற்றி ஒருவர். "திறந்து விட்டாச்சுய்யா, யாரு இல்லன்னது. மேட்டூர்லேர்ந்து இங்க வரணுமில்ல. நடுவுல எத்தனை வாய் குடிக்குது. வரும், ஆனா வர்றப்ப முழங்காலுக்கு இருந்தது கணுக்காலுக்குத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். மேலே இரைச்சல் எழும்பியது, டிக்கென்றது, அடங்கியது. அவர் பரணைப் பார்த்தார். பிறகு சுவரோரமாக, நான் அடித்த ஆணி ஒவ்வொன்றாக, கேபிளைக் கண்ணால் பின்தொடர்ந்து கீழே பிளேயர் வரைக்கும் வந்தார்.

"சார், இதுக்குக் கரன்ட் எங்கேருந்து போகுது?"

பிளேயரிலிருந்து, இந்தக் கேபிள் வழியாகத்தான் என்றேன்.

"இத்துனூண்டு பெட்டி. அதுலேர்ந்து இவ்வளவு தூரம்." மீண்டும் காது கொடுத்துக் கேட்டார். "எழுந்திரிக்கப் பாக்குது சார், முடியாம உக்காருது. உங்க வரப்பு, தரிசு எல்லாம் சரியாத்தான் இருக்கும். இது கடைமடை. மேல திறந்துதான் விட்டிருக்கு, இங்க எட்டல."

பழைய பிளேயரின் அந்த ஓட்டை கொடுக்கும் மின்சாரமே குறைவு என்று நான் படித்திருந்தேன். பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அதிகம் கேட்கும் என்றும் படித்திருந்தேன். மெல்லிய ஒயர் நீளமானால் வழியில் இழப்பு உண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம். மூன்றும் என் நோட்டில் மூன்று தனித்தனிப் பக்கங்களில் இருந்தன. என் வீட்டில் ஓடியதற்குக் காரணம் அந்த ஒரு சாண் கேபிள். அது அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

டிஸ்க்கைக் கீழே இறக்கிவிடலாம் என்றேன். அவர் பென்சில் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணியைக் கீழ வரச் சொல்லி முடியலைன்னா, மதகைப் பக்கத்துல கட்டணும்," என்று சொல்லிவிட்டு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பிளேயரைத் தூக்கிப் பரணில் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து நீட்டிய ஒரு சாண் கேபிளால் இரண்டையும் இணைத்தார். பிளேயரின் பிளக்கைப் பரணை ஒட்டியிருந்த விளக்கு போர்டில் செருகினார். படமும் சத்தமும் போகும் அந்த மூன்று நிற ஒயர் மட்டும் நீளமாகக் கீழே டி.வி.க்கு வந்தது. அதற்குப் பழைய கேபிள் டி.வி. நாட்களில் வாங்கிய ஒயர் அவரிடமே இருந்தது. படம் பார்க்கும் ஒயர் நீளமானால் பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, அதில் எதையும் சுழற்ற வேண்டியதில்லை என்றேன். "அப்ப சரி," என்றார், அனுமதி கொடுப்பவர் போல.

மேலே இரைச்சல் எழும்பியது. டிக் வருமென்று இருவரும் காத்திருந்தோம். வரவில்லை. இரைச்சல் சீராகி, ஒரே ஸ்தாயியில் நின்றது. திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. லஸ்கர் உள்ளே போய், மனைவியின் தோளைத் தொட்டு, "டீச்சர், வந்து பாரு. உன் பொட்டி மச்சு ஏறிடுச்சு," என்றார். அவர் வருவதற்கு நேரம் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். பிளேயர் மேலே போய்விட்டதால் ரிமோட்டைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்ட வேண்டியிருந்தது. எதைப் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி, அழுத்தி, வரிசையில் கீழே இறங்கினார். கல்யாண வீடியோவைக் கடந்தார். மகள் எடுத்த பாடங்களைக் கடந்தார். ஏதேதோ போட்டார், சில விநாடி பார்த்தார், நிறுத்தினார். என் நாள் வரிசை அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

நாற்பது நிமிடம் கழிந்திருக்கும். ஆடும் கையால் யாரோ எடுத்த ஓர் அங்கன்வாடி வீடியோ. சின்னப் பையன் ஒருவன் நிற்கிறான். டீச்சரின் குரல், படத்துக்கு வெளியிலிருந்து, அட்டையைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறது. அட்டையில் வாத்து. பையன் மிகுந்த நிச்சயத்தோடு, "கோழி," என்கிறான். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மறுபடி கேட்கிறது குரல். மறுபடி கோழி. டீச்சர் அதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டார். கோழி. மூன்றாம் முறையும் போட்டார். அவருடைய புருவம் நெரிந்தது. அங்கன்வாடியில் பிள்ளைகளிடம் காட்டும் அதே சிடுசிடுப்பு. பையன் வாயைத் திறந்ததும், நாற்காலியிலிருந்து, சற்றுக் கரகரத்து, ஆனால் சந்தேகமில்லாமல், "வாத்து," என்றார்.

வீடியோவில் குரல் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. லஸ்கர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மணி என்ன சார்?" என்றார்.

"பதினொன்னு இருபது."

"எழுதிக்கங்க."

எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அந்த நீளக் கேபிளைச் சுருட்டி, சீட்டுக் கட்டி, இழுப்பறையில் போட்டேன். தண்ணீர் மறுநாள் விடியற்காலையில் எங்கள் மதகுக்கு வந்தது, கணுக்கால் அளவுக்கு.

வார முடிவில் பதிவேடு என் மேசைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு நேரே, தண்ணீர் அளவுப் பத்தியில் 'இல்லை'. குறிப்புப் பத்தியில் 'வாத்து'. நான் பேரேட்டில் ஏற்றும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டேன், ஆனால் பொறியாளர் பதிவேட்டையே புரட்டிப் பார்த்துவிட்டார். லஸ்கரைக் கூப்பிட்டு, வாய்க்காலில் தண்ணீரே இல்லை, வாத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "அதான் சார் எனக்கும் ஆச்சரியம், அதுக்குத்தான் எழுதினேன்," என்றார் லஸ்கர், முகத்தில் எதுவும் காட்டாமல். பொறியாளர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அறுவடை முடிந்து வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வருவது எங்கள் பக்கம் வழக்கம்தான், முன்கூட்டியே வந்துவிட்டதென்று நினைத்திருப்பார்.

பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அடுத்த சொல் வர ஒன்பது நாள் ஆனது. அதுவும் திருத்தம்தான், ஒரு பிள்ளை கத்தரிக்காயைத் தக்காளி என்றது. பேச்சுப் பயிற்சிப் பெண் இதைக் கேட்டுவிட்டு, தவறாகச் சொல்லும் பிள்ளைகளின் வீடியோக்களையே அதிகம் போடச் சொன்னாள். ஓசூரில் மகள் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லி எடுத்து அனுப்பினாள். பிள்ளைகள் சொல்வதற்கு வந்த கோபம் மகள் நடிப்பதற்கு வரவில்லை, அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். புரட்டாசிக்குள் முப்பத்தோரு சொற்கள். ரிமோட்டை மேலே தூக்கிப் பிடித்துப் பிடித்து, ஒரு நாள் வலது கை இடது கைக்கு முட்டுக் கொடுக்க எழுந்தது. அந்த மழைக்காலத்தில் வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. ஆனாலும் பிளேயரை லஸ்கர் கீழே இறக்கவில்லை.

இப்போது நாங்கள் இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். அவர்கள் ஓசூருக்கு மகளிடம் போய்விட்டார்கள். பிளேயரும் டிஸ்க்கும் ஒரு சாண் கேபிளும் துண்டில் சுற்றப்பட்டு உடன் போயின. அங்கே மூன்றாவது மாடி, வெள்ளம் வர வாய்ப்பே இல்லை. ஆனாலும் அலமாரியின் உச்சித் தட்டில்தான் வைத்திருக்கிறாராம். மகள் வீட்டு டி.வி. எவ்வளவு பெரிய டிஸ்க்கையும் தானே எடுத்துக்கொள்ளும், தரிசாகக் கிடக்கும் பாதியையும் பயன்படுத்தலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சார், மண்ணு ஆறட்டும்," என்றார்.

இந்த ஆண்டு தண்ணீர் திறந்து பதின்மூன்றாம் நாள், காலையில் போன் வந்தது. லஸ்கர் எப்போதும் முதலில் கேட்பது ஒன்றுதான் என்பதால், விடியும் முன்பே சைக்கிளில் தலைப்பு மதகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் பேசியது அவர் இல்லை. கொஞ்சம் மூச்சு, கொஞ்சம் இடைவெளி, பின்னால் லஸ்கர் யாரிடமோ சும்மா இரு என்பது.

"சார். தண்ணி." இடைவெளி. நான் அவசரப்படுத்தவில்லை. "தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு டீச்சர். காலையில அஞ்சே முக்காலுக்கு. கோல்ல இன்னும் ஏறல, ஆனா வந்துடுச்சு."

மறுமுனையில் டீச்சர் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"எழுதி... வைங்க," என்றார் டீச்சர்.

எழுதிவிட்டு இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன். கேபிளில் கட்டியிருந்த சீட்டு மஞ்சளித்துப் போயிருந்தது. நான் எழுதியதில் பிழை இருப்பது எனக்கு எப்போதோ தெரியும், திருத்தத்தான் மனம் வரவில்லை. அதே நீல மையில், 'வேலை செய்யாது' என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். கீழே, 'பழுது இல்லை. தூரம் அதிகம்' என்று எழுதி, இன்றைய நாளைக் குறித்தேன்.